நாலு மைக்ரோன்

பெயர் சொல்லமாட்டேன். போத்தலில் ஒட்டியிருந்தது 1147.
ஒட்டுசுட்டான் பக்கம், உழவுமிசின் ஓட்டுபவர், ஐம்பத்துநாலு வயது.
படிவத்தில் சேர்ஜன் எழுதியிருந்தது ஒரே சொல்:
முன்தோல்.
அதன்கீழ் வேறு மையில், சீனி 280.

வவுனியா ஆஸ்பத்திரியில் எங்கள் அறைக்கு யன்னல் இல்லை.
போமலினில் ஒரு நாள் ஊறி வெளிறிய வளையத்தை
மெழுகில் இறக்கி, ஐஸில் வைத்து,
மைக்ரோட்டோமின் பிடியைச் சுற்றினேன்.
நாலு மைக்ரோன்.
ஒரு தலைமயிரை இருபதாய் வகிர்ந்தால் வரும் தடிப்பு.
நாடா ஒழுங்காய்த்தான் வந்துகொண்டிருந்தது,
மூன்றாம் சுற்றில் பிளேட் கிறீச்சிட்டது.
நாடாவில் நெடுக ஒரு கீறல்.

இந்தப் பக்கத்தில் பிளேட் எதிலாவது தட்டினால்
எங்களுக்கு முதலில் வரும் எண்ணம் ஒன்றுதான்.
போன மாதம் ஒரு மார்புக் கட்டிக்குள்,
அதற்கு முன் ஒரு தொடைச் சதைக்குள்
நெல்லுமணியளவு இரும்பு.
நான் கேட்காமலே கஜந்தினி காந்தத்தோடு வந்தாள்.
வைத்துப் பார்த்தோம். ஒட்டவில்லை.

கல்.
பின்னுக்கு இழுபடாத தோலின் அடியில்
கழுவ முடியாமல் தங்கியதும் உப்பும்
சேர்ந்து இறுகிய சுண்ணாம்பு மணி.
படிவத்தின் பின்பக்கத்தில்: எட்டு வருடமாக.
எட்டு வருடமும் கிளினிக்கில் அவர் சொன்னது
முழங்கால் நோ.

சாயமிட்டுப் பார்த்தால் இதற்கு இரண்டு முகம்.
வெளிமுகம் புறங்கைத் தோல் போல,
மேலே செதில், அடியில் கரும்பொடி தூவிய ஒற்றை வரிசை.
உள்முகம் கன்னத்தின் உட்புறம் போல.
மயிர்க்கால் கிடையாது. ஈரத்துக்கென்றே கட்டியது.
நடுவில் மெல்லிய தசைநார்கள்
பிரித்துப்போட்ட தும்புக்கயிறாய் எல்லாத் திசையிலும்.
தோல் மடியும் விளிம்பில்
தொடுகையைப் பிடிக்கும் சின்ன முடிச்சுகள்,
விரல்நுனியில் இருப்பவைதான்.

இமைக்கும் இதே தையல்.
வெளியே தோல், உள்ளே ஈரம், இடையில் தசை.
இமையைப் பற்றிக் கதைக்க
யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை.

1147இல் உள்முகத்துக்குக் கீழே ஒரு வெளிறிய பட்டை.
இழை இழையாய் இருக்கவேண்டியது
ஆறிய கஞ்சியின் ஆடைபோல் ஒன்றாய்ப் படிந்திருந்தது.
அதற்கும் கீழே ஊதாப் புள்ளிகள், நெருக்கமாய், வரிசையில்.
காவலுக்கென்று வந்த கலங்கள்.
சொந்தத் தோலைத்தான் சுற்றி வளைத்திருந்தன.

இந்த வெள்ளை சிலவேளை, மிகச் சிலவேளை,
புற்றாய்த் திரும்பும்.
டொக்டர் நிறோஜா விளிம்பு விளிம்பாய்த் தேடினா.
தேநீர் ஆடை பிடித்தது.
பிறகு தட்டச்சினா:
புற்று இல்லை. சிறுநீர்த் துவாரத்தையும் பார்க்கவும்.
களிம்பு. சீனிக் கட்டுப்பாடு. ஆறு மாதத்தில் திரும்ப வரவும்.

வியாழன் கவுண்டருக்கு வந்தார்.
துண்டை ஒதுக்கி, என் தலைக்கு மேலால் உள்ளே பார்த்து,
"பெடியள் ஒருத்தரும் இல்லையோ?"
"இல்லை. நான்தான் வெட்டினது."
காது சிவந்தது, எனக்கும்தான்.

றிப்போட்டை நான் வாசித்துச் சொல்லக்கூடாது, அது விதி.
"சீனிக் கிளினிக்குக்கு இண்டைக்கே பதியுங்கோ" என்றேன்.
அது சொல்லலாம்.
தலையாட்டினார். போகவில்லை.
"மிச்சத்த எறிஞ்சிட்டியளோ?"
"இல்லை. மெழுகுக்குள்ள. பத்து வருசத்துக்கு வைச்சிருப்பம்."
சிரித்தார், முதல் தடவை.
"என்னைவிட அது வசதியாய் இருக்குது."
உறையை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்,
பாதி வெளியே தெரிய.

பின்னேரம் பதிவேட்டை எழுதினேன்.
பிளேட், ஒன்று, பழுது.
காரணம் என்ற கட்டத்தில்
கை பழக்கத்தில் 'இரும்பு' என்று எழுதிவிட்டது.
ஒரு கோட்டால் வெட்டிப்
பக்கத்தில் எழுதினேன்: கல்.