ஏழாம் அறை

அப்புத்தளை விடுதியில்
ஏழாம் அறைச் சுவரில்
முகமில்லாத ஒருத்தி
தண்டவாளத்தைப் பின்னலாக முடிந்திருக்கிறாள்.
மடியில் ஒரு மீன்.

முகமின்மை, நாடின்மை என்றார்
கொழும்பிலிருந்து வந்த பேராசிரியர்.
மீன், கடந்து வந்த கடலாம்.
அவர் மனைவிக்கோ அது
பிறக்காத பிள்ளை.

நான் கட்டில் விரிப்பை உதறிக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் அசையாமல் இருந்தது நான்தான்.
நாலாம் நாள், முகம் வரையவேண்டிய அன்று,
அடையாள அட்டைக்குப் பதுளை போயிருந்தேன்.
திரும்பி வர
ஓவியக்காரி போய்விட்டாள்.

அட்டையில் முகம் இருக்கிறது.
செவ்வந்தி என்ற பெயர்தான்
சவந்தி ஆகிவிட்டது.

மீனா?
அது எங்கிருந்து வந்ததென்று எனக்கும் தெரியாது.
அன்று என் மடியில் இருந்தது
மடித்த துவாய் ஒன்றுதான்.

ஆனாலும் ஏழாம் அறையைக்
கடைசியாகத்தான் கூட்டுவேன்.