ஒன்பதில் நான்கு

செக்கானூரணி தாண்டி
நாகமலையின் வால் மெலிகிற இடத்தில்
எங்கள் பல்கலைக்கழகம்.
சுற்றி வரப் பதினோரு நிமிடம்.
ஆடு குறுக்கே வந்தால் பதினாலு.
கண்டக்டர் அந்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதில்லை.
"படிக்கிற புள்ளைக எல்லாம் எறங்கு" என்பார்.
மூன்று பேர் இறங்குவோம்.

மதுரையில் பெரிய கல்லூரி கிடைக்காமல் இங்கே வந்தவள் நான்.
ஒன்றரை மதிப்பெண்.
முதல் பருவம் முழுக்க அதைப்
பல்லிடுக்கில் சிக்கிய தேங்காய் நார் போல
நாக்கால் நெருடிக்கொண்டே இருந்தேன்.
"அப்படி ஒரு யுனிவர்சிட்டி இருக்கா?"
கல்யாண வீடுகளில் கேட்பார்கள்.
இருக்கு, என்பேன், பந்தியில் அடுத்த இலைக்கு நகர்ந்தபடி.

விலங்கியலில் ஒன்பது பேர்.
யாருக்கும் யாரும் ப்ராக்சி சொல்ல முடியாது.
வினாடி வினாவுக்கு நான்கு பேர் மேடையேறினால்
கைதட்ட ஐந்து பேர்.
துறை மலருக்கு ஆசிரியர் நான், மெய்ப்பு பார்த்ததும் நான்.
காசு கொடுத்து வாங்கிய ஒரே வாசகி அங்கயற்கண்ணி
பன்னிரண்டாம் பக்கத்தில் ஒற்றுப்பிழை இருப்பதாக
இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

ஹசீனா போன இடத்தில்
மைக்ராஸ்கோப் ஒன்றுக்கு எட்டுப் பேராம்.
தலைக்கு நாற்பது நொடி,
அதற்குள் பின்னாலிருப்பவள் முதுகைத் தட்டுவாளாம்.
எங்களிடம் பத்து இருந்தன.
ஒன்றுக்கு ஆளே இல்லை.
கண்மாய்த் தண்ணீர் ஒரு சொட்டு,
அதில் ஒரு நீர்த்தெள்ளு,
கண்ணாடி உடம்புக்குள் அதன் இதயம்.
எண்ணினேன். தப்பியது. மறுபடி எண்ணினேன்.
நிமிடத்துக்கு இருநூறைத் தாண்டியபோது
வெளியே இருட்டியிருந்தது.
ஒருவரும் முதுகைத் தட்டவில்லை.
அன்று பஸ்ஸில் நாக்கு அந்த நாரைத் தேடவில்லை என்பதை
வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.

முதல் நாள் வருகைப்பதிவில்
"மொக்கராசு" என்றதும் சிரித்தோம்.
"கொலசாமி பேரு.
சிரிச்சு முடிச்சிட்டீங்கன்னா சொல்லுங்க, உக்காந்துக்கிறேன்."
முடித்துவிட்டோம்.
பிடிக்காமல், கிட்டேயே போகாமல்,
பறக்கிற தினுசை வைத்தே தும்பியின் இனம் சொல்வான்.
லத்தீன் பெயர்கள் அவன் வாயில்
உசிலம்பட்டிச் சந்தையில் விலை பேசுவது போல் கேட்கும்.
ரேங்கில் அவன் மூன்று, நான் நான்கு.
என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.
"ஏ நாலாவது" தான்.

நான்காம் பருவத்தில் பாதியில் நின்றான்.
அப்பாவின் வேனுக்குத் தவணை பாக்கி.
கப்பலூரில் ஒரு கிட்டங்கியில் இரவு வேலை.
போனில் "வந்துருவேன்" என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து
"வந்துருவேன்னு சொல்லு" என்றான்.

மாசியில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்:
புனேயில் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி,
எட்டு வாரம், உதவித்தொகை உண்டு.
விண்ணப்பத்தில்
வகுப்பில் உங்கள் இடம், மூன்று கட்டங்கள்.
வகுப்பில் மொத்தம் எத்தனை பேர், மூன்று கட்டங்கள்.
நூறுக்குக் குறைந்த வகுப்பைப் பார்த்திராத
யாரோ கோடு போட்டிருக்கிறார்கள்.

துளசிராம் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.
"எட்டுன்னு போடு. நீ மூணாவது ஆயிருவ.
மூணுக்குள்ள இருந்தா தனி மவுசு."
அவன் சொன்னது பொய்யில்லை.
வருகைப்பதிவில் ஏழாவது பெயர் வந்ததும்
அந்த இடத்தில் இப்போது மேடம் மூச்சு மட்டும் விடுகிறார்.
ஆனால் டிசி வாங்கவில்லை அவன்.
பத்தாவது மைக்ராஸ்கோப்போடு சேர்த்து
ஒன்பதாவதுக்கும் உறை மாட்டியிருக்கிறோம்,
அவ்வளவுதான்.

பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
துளசிராம் டீ குடித்துவிட்டே திரும்பி வந்துவிட்டான்.
004.
009.
அந்தச் சுழியங்கள் எல்லாம்
என்னைப் பார்த்து வாய் பிளந்தபடி இருந்தன.
ஒட்டிவிட்டேன்.

ஏழு மணி பஸ்ஸில் போன் அதிர்ந்தது.
கிட்டங்கித் தரை, டியூப்லைட் வெளிச்சம்,
அட்டைப்பெட்டி ஓரத்தில் ஒரு தும்பி.
ஒரு சிறகு மடிந்திருக்கிறது.
"லைட்டுல மோதி விழுந்துச்சு. உசுரு இருக்கு.
பேரு சொல்லு பாப்போம், நாலாவது."

பறந்தாலாவது யோசிக்கலாம்.
ஒரு பெயரை அடித்து அழித்தேன்,
இன்னொன்றை அடித்திருக்கிறேன்.
இனத்தின் பெயரில் வருவது ஒரு எல்லா இரண்டு எல்லா?
செக்கானூரணியில் பஸ் நிற்கிறது,
எண்ணெய்ச் சட்டி வாசனை ஜன்னல் வழியே ஏறுகிறது,
அவன் பார்த்துக்கொண்டிருப்பான்,
எழுதுகிறாள் எழுதுகிறாள் என்று.