கணக்கப்பிள்ளையை நிறுத்த நாள்

இடமாற்றம் கிடைத்து வவுனியாவுக்குப் போன
ஜெசிந்தா டீச்சர்
விட்டுப்போனவை இரண்டு:
ஒரு பழைய உலக உருண்டை,
ஒரு கினிப்பன்றி.
உருண்டையைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது.
மற்றதை என் மகன் நிரோஜன்
பிஸ்கட் பெட்டியில் தூக்கி வந்தான்.

தொப்பை, குட்டைக் கால்,
எதை நீட்டினாலும்
முகர்ந்து சந்தேகப்படும் மூக்கு.
கணக்கப்பிள்ளை என்று பெயர் வைத்தான்.
வெளியில் சொல்லாதேடா என்றேன்.
பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஐப்பசி மழை விடாத கிழமையில்
சொறியத் தொடங்கியது.
இராவெல்லாம் பின்னங்கால் பலகையில் பட்டு
டக் டக் டக்.
பக்கத்துக் காம்பராவில்
சுவரைத் தட்டிக் கேட்டார்கள்,
இந்நேரத்தில் யார் ஆணி அடிக்கிறது என்று.

விடியப் பார்த்தால் மரத்தூள் மேல் மயிர்.
முதுகில் ஐந்து ரூபாய்க் குற்றி அகலத்துக்கு
வெறுந்தோல்.
மறு கிழமை என் உள்ளங்கை அகலம்,
அதன் மேல் தவிடு மாதிரிச் செதில்.
தேங்காயெண்ணெய் தடவச் சொன்னாள் புஸ்பலீலா.
தடவினேன்.
எண்ணெய்ப் பிசுக்கோடு சொறிந்தது.
மண்ணெண்ணெய் என்றார் ஒருவர்.
உங்கள் தலையில் ஊற்றிப் பாருங்கள் என்றேன்.

ஒரு ராத்திரி மகனின் விரல் பட்டதும்
நாலு காலும் விறைத்துக்
கழுத்து பின்னால் வளைந்து துடித்தது.
அவன் கையை இழுத்துக்
கால்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டான்.
"நான் ஒண்ணும் செய்யல்லம்மா."

மறுநாள் அரைப் பேரோடு மலையிறங்கி
மஸ்கெலியா பஸ் ஏறினேன்.
மிருக வைத்தியர் மாத்தறைப் பையன்.
எனக்குத் தெரிந்த சிங்களத்தில்
அந்த வார்த்தை இருந்தது:
கசனவா.
அவர் பதிவேட்டில் மாடு, ஆடு, நாய் என்று கோடு போட்டிருந்தது.
கொஞ்சம் யோசித்து, 'வேறு' என்பதில் எழுதினார்.
பிளேடால் மெல்லச் சுரண்டிக்
கண்ணாடியில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார்.
உருண்டையாய் ஒன்று, கால்கள் குட்டை குட்டையாய்,
அவசரமில்லாமல் நகர்ந்தது.
இதுவா, இவ்வளவு நாளும்?

மருந்து மாட்டுக்கு வந்த போத்தலில்தான்.
"நிறை எவ்வளவு?" என்றார்.
துளி கூடினால் தாங்காதாம்.
அங்கே இருந்தது கன்று தொங்கும் கொக்கித் தராசு.

நவ்பர் நானா கடைக்கு ஓடினேன்.
கருவாடு நிறுக்கும் தராசு.
பன்னிரண்டு வருசமாய் என் கொழுந்தை
அடுத்தவர்தான் நிறுக்கிறார்கள்.
ஈரத்துக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ,
சும்மா ஒரு கிலோ.
இப்போது கணக்கப்பிள்ளை என் கையில்.
கழிக்கலாமா என்று சிரிப்புக்கூட வந்தது.
ஆனால் வெறும் பேசினை முதலில் வைத்து
முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து
பிறகுதான் அதை வைத்தேன்.
எழுநூற்று நாற்பது.
நானா எட்டிப் பார்த்து, "ஐம்பது என்று வையுங்களேன்" என்றார்.
இல்லை, நாற்பது.

கழுத்துக்குப் பின்னால் சின்னத் துளி.
இரண்டு கிழமை கழித்து இன்னொன்று.
மரத்தூளை எரித்தோம், பெட்டியையும்.
கொய்யாவை நறுக்கிக் கொடுத்தோம்.
எனக்கும் முழங்கையில் கொஞ்ச நாள் அரித்து
தானாகவே போனது.
டக் டக் நின்ற இரவில்தான்
திடுக்கிட்டு எழுந்து
மூச்சிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.
துடிக்கவில்லை. என்னை முறைத்தது.

மார்கழியில் முதுகில் பூனைமயிர்.
கவ்வாத்து வெட்டிய மலை மாதிரி என்று சொல்லலாம்,
ஆனால் அந்தத் துளிருக்கு ஆள் காத்திருக்கிறது.
இதை யாரும் பறிக்கப் போவதில்லை.

நேற்றுக் கொழுந்து நிறுக்கையில்
"பதினேழு, கழிவு மூன்று" என்றார்
கணக்கப்பிள்ளை, பெரியவர்.
நான் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
பின்னாலிருந்து புஸ்பலீலா
மெல்ல, "வீக்" என்றாள்.
வரிசை முழுக்கச் சிரித்தது.
அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.
கழுத்தைச் சொறிந்துகொண்டார்.