ஒரு மாத்திரை அளவு

டேப்லெட் வாங்கியிருக்கிறேன் என்று
ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் தம்பியிடம் போனில் சொன்னபோது
"எத்தனை மில்லிகிராம்?" என்றான்.
பத்து அங்குலம் என்றேன்.
சாப்பாட்டுக்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு.

சாட்ஸ்வொர்த்தில் எங்களுக்கு வாடகைக் கடை.
கூடாரம், அண்டா, கேஸ் அடுப்பு, நாற்காலி.
கல்யாணத்துக்கும் அதே நாற்காலி,
கருமாதிக்கும் அதே நாற்காலி,
உறையை மட்டும் மாற்றுவோம்.

முன்பு கணக்கெல்லாம்
கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகத்தில்.
"மாணிக்கம், ஆறு அண்டா" என்று ஒரு பக்கம்.
எந்த மாணிக்கம்?
நான்கு அண்டா இன்னும் எந்த வீட்டிலோ வேகிறது.

இப்போது பெயரைத் தட்டினால்
தெருவும் முகமும் பாக்கியும் சேர்ந்தே வருகின்றன.
முற்றத்தைப் படம் பிடித்துக் காட்டினால்
சாக்கடை மூடிவரை அளந்து
எந்தக் கூடாரம் நிற்கும் என்கிறது.
வங்கி அட்டை தொட்டதும் பணம் வாங்கிக்கொள்கிறது.
வேலையற்ற மதியங்களில் கிரிக்கெட்.
மின்வெட்டு மாலைகளில்
தெருவே அணைந்து கிடக்க
கல்லாவில் அது ஒன்றுதான் விழித்திருக்கும்.
அந்த வெளிச்சத்தில் ஸ்போனெலோ
கரண்டிகளை ஜூலுவில் எண்ணுவான்.
ஒருநாள் அதன்மேல் நான்கு தேநீர்க் கோப்பைகளை
வைத்துத் தூக்கி வந்தான். திட்டினேன்.
"சிந்தவில்லையே" என்றான்.
சிந்தவில்லைதான்.

கையெழுத்துதான் யாருக்கும் படியவில்லை.
கண்ணாடியில் விரலால் எழுதச் சொன்னால்
ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கும்
ஒன்றாம் வகுப்புக் கை வந்துவிடுகிறது.

ஜனவரி மழையில் ஏழாம் யூனிட்டில் ஒரு வீடு.
கதவைத் திறந்தவர் லோகாம்பாள் மூட்லி.
கணவர் குணசீலன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
முந்தின இரவு போய்விட்டார்.
"முப்பது போதும்.
அவருக்கு ஆட்கள் கிடையாது.
எல்லாரோடும் சண்டை."

வாசலில் நின்றபடியே
மூன்றைத் தொட்டார், சுழியைத் தொட்டார்.
தகரக் கூரையிலிருந்தோ
கண்ணிலிருந்தோ
ஒரு துளி விழுந்தது.
விரல் எது, நீர் எது என்று
அந்தக் கண்ணாடிக்குத் தெரியாது.
பட்டதையெல்லாம் விருப்பம் என்று எடுத்துக்கொள்ளும்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்தது:
மாத்திரை என்றால்
கண் ஒருமுறை இமைக்கும் நேரம்,
கை ஒருமுறை நொடிக்கும் நேரம்.
இன்னொரு சுழி விழ அவ்வளவுதான் பிடித்தது.
நானும் பார்க்கவில்லை.

விடியலில் இரண்டு லாரி.
திரை சொன்னதை நம்பி
முந்நூறையும் விரித்துவிட்டான் ஸ்போனெலோ.
கூடாரம் கொள்ளாமல்
கார் ஏறும் சரிவில், பக்கத்து வீட்டுப் புல்லில்,
குப்பைத்தொட்டி நிற்கும் திருப்பம்வரை
வெள்ளை உறைகள் வரிசை வரிசையாக.

நான் போனபோது வந்திருந்தவர்கள் நாற்பத்தொன்று.
அதில் மூன்று பேர் பக்கத்து வீட்டுக் குழந்தைகள்.
கூனிக் குறுகி
பின்வரிசையிலிருந்து மடக்கத் தொடங்கினேன்.
அம்மா வந்து கையைப் பிடித்தார்.
"இருக்கட்டும் விடுங்க.
சண்டை போட்டவங்க எல்லாரும்
வந்து உக்காந்த மாதிரி இருக்கு."

மழை விட்டது.
வெயில் பட்டு உறைகளிலிருந்து ஆவி எழுந்தது.
பூசாரி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்,
பிறகு குரலை உயர்த்திக்கொண்டார்,
கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமே.

அன்றிரவு ரசீதைத் திறந்து
ஒரு சுழியை அழித்தேன்.
"நிச்சயமாக நீக்கவா?" என்றது.
மின்கலத்தில் பதினொரு சதவீதம்.
விரல் கண்ணாடிக்கு ஒரு மயிரிழை மேலே
நின்றது, ஒரு மாத்திரை, இரண்டு,
தொட்டேன்.

கொல்லைப்புறத்தில்
துவைக்க உறைகளைக் கழற்றிக்கொண்டிருந்த ஸ்போனெலோ
கூப்பிட்டுச் சொன்னான்:
"எல்லாமே ஈரம், முதலாளி.
உட்கார்ந்தது எது, உட்காராதது எது என்று
பிரிக்க முடியவில்லை."