நான்காம் வியாழன்

பூரணை வந்தால் பள்ளிக்கூடத்தைப் பூட்டும் நாட்டில்
தன்னுடைய வியாழக்கிழமைக்கு விடுமுறை இல்லையென்று
ஒஹாயோக்காரி மெரிடித்
ஆசிரியர் அறையில் ஒரு கிழமையாய்க் கோபித்துக்கொண்டிருந்தாள்.
பிறகு எங்கள் ஆறு பேரையும் சாப்பிட அழைத்தாள்.
வீடு அவளுடையது, வெள்ளவத்தையில்
கடலைப் பார்த்த நான்காம் மாடி.
ஓவன் மட்டும் என்னுடையது.

கேக்குக்கென்று வாங்கிய ஓவன்.
வான்கோழி உள்ளே போனது,
கால்கள் வெளியே நின்றன.
கணிதம் படிப்பிக்கிறவள் நான்,
முதலிலேயே அளந்திருக்கலாம்.
வெட்டுவோமா என்றேன்.
அவள் முகம் போன போக்கில்
கத்தியைத் திரும்ப வைத்துவிட்டேன்.

மழை. ஓட்டோ.
ஈரத் துவாயில் சுற்றி
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல மடியில் கிடத்திக்கொண்டு
பாமன்கடைப் பேக்கரிக்குப் போனேன்.
பாண் இறக்கிய போறணை இன்னும் கொதித்தபடி இருந்தது.
முதலாளி துவாயை விலக்கிப் பார்த்து
"மயிலா, ரீச்சர்?" என்று சிங்களத்தில் கேட்டார்.
அமெரிக்கக் கோழி என்றேன்.
காசு வாங்கவில்லை.
ஒரு துண்டு அனுப்பச் சொன்னார்.

சிவப்புப் பழம் ஒன்று வேண்டுமாம், இங்கே கிடைக்காதது.
லொவியைச் சீனியில் காய்ச்சினோம்.
வட்டக்காய்க்குக் கித்துள் பாணி.
ருசித்துப் பார்த்து மெரிடித் கொஞ்ச நேரம் பேசவில்லை.
சரியாக இருந்ததாலா, பிழைத்துப்போனதாலா,
நான் கேட்கவில்லை.

ஐந்து ஐம்பதுக்கு
மேசையில் இரண்டு மெழுகுவர்த்தி வைத்து
தீக்குச்சியை எடுத்தாள்.
பொறு, என்றேன்.
ஆறு ஐந்துக்கு ஏற்றுவோம்.
ஏன்?
சாறு இன்னும் இறுகவில்லை.

சாறு எப்போதோ இறுகிவிட்டது.

திகதி இருபத்தேழு. கார்த்திகை மழை.
தெருமுனையில் மோட்டார் சைக்கிளோடு இருவர்
பின்னேரத்திலிருந்து
ஒரே தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.
இன்றைக்கு என் அறையில் வெளிச்சம் எரிந்தால்
காரணம் சொல்லவேண்டும்.
அமெரிக்கக்காரியின் ஜன்னலில் எரிந்தால்
அது அலங்காரம்.

நிமலரூபனுக்கு இருபத்திரண்டு வயது.
எனக்கு நாற்பத்தாறு ஆன பிறகும்
அவனுக்கு இருபத்திரண்டு.
பெயர் வெட்டிய கல் நின்ற இடத்தில்
இப்போது ஒரு முகாமின் மதில்.

ஆறு ஐந்து.
தீப்பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கினேன்.
முதல் குச்சி நமத்திருந்தது.
இரண்டாவது பற்றியது.
பாணந்துறை ரயில் கடற்கரையால் போக
கண்ணாடிகள் அதிர்ந்தன.
எல்லோரும் ரயில் போகட்டுமென்று
பேசாமல் நின்றார்கள்.
அவ்வளவு போதுமாயிருந்தது.

இனி ஒவ்வொருவராக நன்றி சொல்லவேண்டும், அதுதான் முறை.
டெரில் தன் புது முழங்காலுக்குச் சொன்னார்.
நிலூகா மகளின் விசாவுக்கு.
பறவையை அறுத்த கடையை மூன்று தரம் விசாரித்த ஃபர்ஹத்
அந்தக் கடைக்காரருக்கே சொன்னார்.
என் முறை வந்தது.
நெருப்பு இரண்டும் என் பக்கமே சாய்ந்த மாதிரி இருந்தது,
காற்றாடியின் வேலை.
போறணைக்கு, என்றேன்.
சிரித்தார்கள். நானும்தான்.

கோப்பைகள் கழுவும்போது
மெரிடித் நாட்காட்டியைப் புரட்டினாள்.
அடுத்த வருடம் இருபத்தாறில் வருகிறது என்றாள்.
அவளுடைய நாள் கிழமையைப் பிடித்துக்கொண்டு நகர்கிறது.
என்னுடையது நின்ற இடத்திலேயே நிற்கிறது.
ஈரக் கையோடு மனதுக்குள் கணக்குப் போட்டேன்.
இரண்டும் இனி ஒரே மேசைக்கு வர
பதினொரு வருடம்.

எலும்பைச் சூப்புக்குக் கொண்டுபோ என்று
ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுத் தந்தாள்.
வாசலில் செருப்பு மாட்டும்போது
"சாறு நல்லாத்தான் இறுகியிருந்தது" என்றாள்,
என்னைப் பார்க்காமல்.

பேக்கரிக்காரருக்கு நெஞ்சுத் துண்டு.
ஒரு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டாள்.
மற்றது ஜன்னலில் இருந்தது,
நான் தெருவைக் கடந்து
திரும்பிப் பார்த்தபோதும்.