ஒழுக்கு பார்த்த கணக்கு

லிகோரி, நீ நீரோடிக்காரன்.
உன் மச்சான் ததேயு பொழியூர்க்காரன்.
இடையில் ஒரு செக்போஸ்ட்,
இரண்டு சர்க்கார், இரண்டு மண்ணெண்ணெய் அட்டை.
வள்ளத்துக்கு அதெல்லாம் தெரியாது.
ஒழுகியது.
கொண்டுவந்து என் கொட்டகையில் போட்டீர்கள்.

பாறையில் அடித்தது அவன் என்றாய் நீ.
வெயிலில் காயப்போட்டது நீ என்றான் அவன்.
யார் காசு என்பது இருக்கட்டும்.
தண்ணீர் எங்கே நுழைகிறது, அதைச் சொல்லுங்கள் என்றேன்.
இரண்டு பேரும் ஈரமான இடத்தைக் காட்டினீர்கள்.

ஈரமான இடத்தை நம்பாதே.
தண்ணீர் புகுந்த இடத்தில் நிற்பதில்லை;
பலகையோரமாக நடந்து
தாழ்வு பார்த்து உட்காரும்.
அணியத்தில் ஏறியது அமரத்தில் இறங்கும்.

வள்ளத்தைத் தாங்குமரத்தில் ஏற்றி
தண்ணீரை உள்ளே ஊற்று.
ஆமாம், உள்ளே.
கடல் செய்ததைத் திருப்பிச் செய்.
அறுபது குடம் ஆகும், முதுகு ஒடியும்.
வெளியே குனிந்து
சொட்டுகிற இடத்திலெல்லாம் சுண்ணாம்பால் கோடு இழு.
ததேயு ஏழு கோடு போட்டான், நீ ஒன்பது.
சேர்த்து எண்ணினேன்: பதினொன்று.

கோடு போட்ட இடத்தை
கொட்டாப்புளிப் பிடியால் தட்டிக் கேள்.
நல்ல அயனி மறுபடி கேட்க வைக்காது.
உளுத்த மரம்
வாயில் சோற்றை அடக்கிக்கொண்டு பேசும்.

எம்-சீல் எடுத்துக்கொண்டு வந்தாய் அல்லவா,
அதைக் குழாய்க்கு வைத்துக்கொள்.
ஈரமரத்தின் மேல் பைபரும் வேண்டாம்.
நனைந்ததை உள்ளே வைத்துப் பூட்டிவிடும்;
அடுத்த ஆனிக்கு
தோல் மட்டும்தான் கையோடு வரும்.

உப்புத்தண்ணீர் கிடந்தால் கிடக்கட்டும்.
மழைத்தண்ணீர் ஒரு ராத்திரி நிற்கக்கூடாது.
ஞாயிற்றுக்கிழமையானாலும்
இறைத்துவிட்டுப் பூசைக்குப் போ.
ஆண்டவர் பொறுப்பார்,
பூஞ்சை பொறுக்காது.

தும்பு வாங்கினால் காயலில் ஊறிய தும்பு.
மோந்து பார்த்தால் மூக்கு சுளிக்கும், அதுதான் சரக்கு.
மெஷின் தும்பு வெள்ளையாக, வாசனையில்லாமல் இருக்கும்,
கல்யாண வீட்டு மெத்தைக்கு ஆகும்.

கயிறு தைக்க இரண்டு பேர் வேண்டும்,
ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே.
துளை வழியாகத் தள்ளுவதும் வாங்குவதும்.
நீங்கள் பேசிக்கொள்ளாத நாட்கள் அவை.
‘இழு.’ ‘விடு.’
மூன்று நாளில் இந்த இரண்டு வார்த்தைதான்.
பலகைக்கு அது போதுமாயிருந்தது.

முந்திரித்தோட்டு எண்ணெய் பூசுமுன்
கையில், முழங்கை வரை, தேங்காயெண்ணெய் தடவு.
போன தடவை ததேயு தடவாமல்
கண் இரண்டும் வீங்கி
வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டான்.

இனி அந்தப் பதினோராவது கோடு.
வலப்பக்கம், மூன்றாம் பலகை, பழைய ஒட்டு.
நீங்கள் டீ குடிக்கப் போனபோது
உளியால் நெம்பினேன்.
நான்கு ஆணி.
நான்கும் இரும்பு.
துருவேறிப் பருத்து,
சுற்றிலும் மரத்தைக் கரியாக்கி,
சுண்டுவிரல் போகும் அளவுக்கு வழி செய்திருந்தன.

பாறை இல்லை, வெயிலும் இல்லை.
அந்த ஒட்டுப் போட்டது நான்.
செம்பு விலை ஏறிக் கிடந்த வருஷம் அது.
தண்ணீருக்கு மேலேதானே என்று நினைத்தேன்.
சரக்கு ஏற்றினால்
மேல் எது கீழ் எது?
செம்பாணிக்கு உங்களிடம் காசு வாங்கியது
நன்றாக நினைவிருக்கிறது.

ஆணிகளை எறியவில்லை.
சிரட்டையில் போட்டு உளிப்பெட்டி மேல் வைத்திருக்கிறேன்,
வேண்டுமென்றால் வந்து பாருங்கள்.

தும்பு, கயிறு, எண்ணெய்:
நீ பாதி, ததேயு பாதி.
புதுப்பலகை, செம்பாணி, மூன்று நாள் கூலி:
என் கணக்கு.
அன்று கூடுதலாக வாங்கிய பணத்தையும் கழித்திருக்கிறேன்.
வட்டி கேட்டால் யோசிக்க வேண்டும்.

இறக்குகிற அன்றைக்கும் ஒழுகும், கூச்சல் போடாதே.
காய்ந்த மரம், முதலில் குடிக்கும்.
இரண்டு நாள் பொழியோரம் கட்டிப்போடு.
மூன்றாம் நாளும் ஒழுகினால் கூப்பிடு,
ஏழு மணிக்கு மேல்.

பித்தளைக் குடம் இரண்டு
என் வீட்டுக்காரியுடையது,
வரும்போது எடுத்து வா.

தாணு ஆசாரி,
கொல்லங்கோடு.