வீட்டிலும் மிஷின் இருக்கிறது

கடைசிச் செம்பனை லாரி ஆலைக்குள் நுழைந்ததும்
பட்டணம் ஒன்பது மணிக்கே அவிந்துவிடும்.
பிறகு எரிவது பெட்ரோல் நிலையம்,
கோயில் வேல்,
காசு போட்டால் துவைக்கும் டோபிக் கடை.

ஐந்து வெள்ளிக்கு முப்பது நிமிடம்.
சுற்றும் துணியைப் பார்த்துக்கொண்டு
யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.
பேச வேண்டியதில்லை.
அதற்குத்தான் வருகிறேன்.

வீட்டிலும் மிஷின் இருக்கிறது.
மகன் ஜொகூரிலிருந்து அனுப்பியது.
பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.
மேலே அரிசி மூட்டை, மின்சார பில்.

"இந்தப் போர்வையை
செவ்வாய்க்கிழமைதானே துவைச்சீங்க?"
கிளினிக்கில் சீட்டு எழுதும் ஞானசுந்தரி.
அகப்பட்டவனாய் முழித்தேன்.
அவள் தன் கூடையைச் சாய்த்துக் காட்டினாள்:
இஸ்திரி மடிப்புக் கலையாத நாலு துண்டு.
சிரிப்பு வர
இருவருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

உண்மையிலேயே அழுக்கோடு வந்தவன்
ரஷிதுல் ஒருவன்தான்.
குலை வெட்டி, எண்ணெய் ஊறி,
ஆளில்லாமலே நிற்கும் கால்சட்டை.
மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தி
குமில்லாவில் இருக்கும் அம்மாவிடம் பேசுவான்.
ஒருநாள் போனை எங்கள் பக்கம் திருப்பினான்.
என்ன சொல்வது?
கையை ஆட்டினோம். அவரும் ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை கதவில் ஓர் அட்டை:
தோட்டத்துத் துணிகளுக்கு அனுமதி இல்லை.
அன்று அவன் வரவில்லை. மறுநாளும்.
நடு நாற்காலி காலியாகவே கிடந்தது.
எத்தனையோ நாற்காலிகள் காலியாய்க் கிடந்த கடைதான்,
அதற்குமுன் நான் எண்ணியதில்லை.

நாலாம் நாள் அவளுடைய கஞ்சில் காரில்
பதின்மூன்றாம் கட்டைக் கொங்சிக்குப் போனோம்.
வாளிக்குள் கால்சட்டையை மிதித்துக்கொண்டிருந்தான்.
அவன் மலாயும் என் மலாயும்
ஒன்றின் காலை ஒன்று வாரிக்கொண்டன.
"வீட்டுல மிஷின் இருக்கு" என்றேன்,
குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன்போல.

உறையை அவன்தான் கிழித்தான்.
குழாயைத் தப்பாக மாட்டியது நான்.
கூடம் முழுக்க நுரை.
பக்கத்து வீட்டு ஆ லான்
துடைப்பத்தோடு ஓடிவந்தாள்,
பதினோரு வருடத்தில் முதல் தடவையாக
என் வாசலுக்குள்.

இப்போது திங்களும் வியாழனும் அவன் முறை.
கொங்சியில் இன்னும் நால்வர் கேட்டிருக்கிறார்கள்.
என் வெள்ளைச் சட்டையிலும் செம்பனை வாடை.
சோப்பை மாற்றச் சொல்கிறாள் ஞானசுந்தரி.
விலை கூட, என்கிறேன்.
சண்டை இன்னும் முடியவில்லை.